சிரிப்பும் சொல்லும்: ‘ஸ்மைல் பிங்கி’ பற்றிச் சில சிந்தனைகள்

2009 ஆம் ஆண்டு பெப்ரவரி 22 ஆந் திகதி அமெரிக்காவில் ஒஸ்கார் பரிசளிப்பு விழா நடைபெற்றபோது தமிழுலகின் கவனம் முழுவதும் ஏ. ஆர். ரஹ்மான்மீதே சென்றிருந்தது. இரண்டு பரிசுகளை ஏந்தி, அம்மேடையிலே தமிழில் ஒரு வாக்கியமும் மொழிந்த இசைஞரைப் பத்திரிகைகள் கொண்டாடின. அதே இரவில் இந்தியக் கிராமத்துச் சிறுமியொருத்தியைப் பற்றிய 39 நிமிட ஆவணப் படமொன்றும் பரிசு பெற்றது என்பதைப் பலர் கவனிக்கவில்லை. மேகன் மைலன் என்னும் அமெரிக்கப் பெண்மணி இயக்கிய ‘ஸ்மைல் பிங்கி’ என்பதே அப்படம். யாழ்ப்பாணக் குடாநாடோ அதைக் கவனிக்கும் நிலையிலே இருக்கவில்லை. ஏ-9 வீதி 2006 ஆகஸ்ட் மாதத்திலே மூடப்பட்டிருந்தது. வன்னியிலே போர் தன் இறுதி மாதங்களை எட்டியிருந்தது.

ஆண்டுகள் பல கழிந்தபின் அப்படத்தைப் பற்றி எழுதப் புகுவதற்குக் காரணம் உண்டு. பிளவுற்ற உதட்டோடும் பிளவுற்ற அண்ணத்தோடும் பிறக்கும் குழந்தைகளைப் பற்றி உலகம் இன்று கொண்டிருக்கும் எண்ணத்தை உருவாக்கியவற்றுள் இதற்கு முக்கிய இடமுண்டு. தரும நிறுவனங்களின் விளம்பரத் தாள்களிலே சிகிச்சைக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக நாம் காணும் இரட்டைப் படங்கள் இதே பார்வையின் சுருக்கங்களாகும். அப்பார்வை எவ்வளவு தூரம் உண்மையானது, எந்த இடத்திலே வந்து நின்றுவிடுகிறது என்று ஆராய்வதே நமது நோக்கம்.

படத்தின் சிறப்பை முதலிலே ஒப்புக்கொள்ளல் வேண்டும். உத்தரப் பிரதேசத்திலே மிர்சாப்பூர் மாவட்டத்துக் கிராமமொன்றைச் சேர்ந்தவள் பிங்கி. ஐந்தாறு வயதுச் சிறுமி. உதட்டுப் பிளவு காரணமாகப் பாடசாலைக்குப் புறம்பாகவும் விளையாட்டுக்குப் புறம்பாகவும் நிறுத்தப்பட்டவள். ஊரூராகச் சென்று இத்தகைய குழந்தைகளைத் தேடும் சமூக சேவையாளர் ஒருவரின் மூலம் அவளுடைய குடும்பம், வாரணாசியிலே வைத்தியர் சுபோத் குமார் சிங் இலவசமாகச் செய்யும் சத்திரசிகிச்சையைப் பற்றி அறிகிறது. தந்தையும் மகளும் புறப்படுகிறார்கள். வறுமையைக் கண்டு மூக்கைப் பிடிக்காமலும், அதற்குப் பொன்முலாம் பூசாமலும் கமெரா அவர்களைப் பின்தொடர்கிறது. வைத்தியசாலை வாயிலிலே திரளும் குழந்தைகளைக் காணும்போது, தனிக் குடும்பத்தின் கருமவினை என்று எண்ணப்பட்ட ஒன்று சமுதாயத்துக்குப் பொதுவான ஒரு நோய்நிலையாக நம் கண்முன்னே மாறிவிடுகிறது. இவ்வொரு மாற்றத்துக்காகவே படத்தைப் பாராட்டலாம். உலகத்திலே ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலே காணப்படும் குறையை ‘எங்கள் வீட்டுச் சாபம்’ என்று ஒரு தாய் தனிமையிலே சுமந்துகொண்டிருப்பது சிறிய கொடுமையன்று.

ஆயினும் பிங்கிக்கு இருந்தது உதட்டுப் பிளவு. உதடு தைக்கப்பட்டதும் முகம் மாறுகிறது. முகம் மாறியதும் கதை முடிகிறது. கண்ணுக்குப் புலனாகும் மாற்றமே திரைப்படம் என்ற சாதனத்துக்கு இனியது என்பதை நாம் அறிவோம். ஆனால் இதே கூட்டத்திலே வந்துநின்ற குழந்தைகளுட் பலருக்கு வாயின் உட்கூரையும் பிளந்திருக்கும். அவர்களுட் சிலருக்கு உதட்டிலே எவ்விதக் குறையும் இராது. படமெடுத்தால் அழகான குழந்தை. வாய் திறந்து பேசினால் ஊர் திரும்பிப் பார்க்கும். இக்குழந்தையின் துன்பத்தைக் கமெராவினாற் காட்ட இயலாது, காதினாற்றான் அறியலாம். ‘முன்’, ‘பின்’ என இரு படங்கள் அச்சிட்டு இவனுக்காக நிதி திரட்டவும் இயலாது. எனவே அவன் உலகத்தின் கவனத்துக்குத் தப்பிவிடுகிறான். உயர்தர வகுப்பு மாணாக்கருக்கு நாம் ஒருமுறை இப்படத்தைக் காட்டினோம். முடிந்ததும் எல்லாரும் முகத்தைப் பற்றியே பேசினர். பிங்கி எவ்வாறு பேசினாள் என்று கேட்டபோது வகுப்பிலே ஒருவருக்கும் நினைவில்லை. மாணாக்கரிலே தவறில்லை, படம் அவர்களை அவ்விடத்துக்கு அழைத்துச் செல்லவில்லை.

தமிழ் படிப்பிப்போர்க்கு இவ்விடயத்திலே தனிப்பட்ட பொறுப்பு உண்டு என்று நாம் கருதுகிறோம். ஏனெனில் அண்ணப் பிளவைப் புரிந்துகொள்வதற்கு வேண்டிய அடிப்படை அறிவு நமது இலக்கண நூல்களிலே இருக்கிறது. தொல்காப்பியப் பிறப்பியல், எழுத்துக்கள் பிறக்குமிடங்களைக் கூறுமிடத்து, உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களிலே நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் ஒலியாக வேறுபடுவதை விளக்குகின்றது. மெல்லெழுத்துக்கள் தத்தம் வல்லெழுத்துக்களின் இடத்திலேயே பிறந்தும் மூக்கின் வளியால் இசைப்பன என்பதும் அங்கேயே சொல்லப்பட்டுள்ளது. பரீட்சைக்காக நாம் நெட்டுருப் பண்ணிக்கொடுக்கும் இந்தச் செய்தியின் உட்பொருள் யாது? ப் என்னும் ஒலிக்கும் ம் என்னும் ஒலிக்கும் இதழ்கள் செய்யும் தொழில் ஒன்றே. வேறுபாடு மேலே நடக்கிறது. மெல்லண்ணம் என்னும் தசைத்திரை பின்னோக்கி எழுந்து மூக்கின் வழியை அடைத்தால் ப். அடையாது விட்டால் ம். க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என்று நெடுங்கணக்கிலே வல்லினத்தையும் அதன் இன மெல்லினத்தையும் பக்கத்திற் பக்கமாக வைத்த ஆசிரியர்கள், அண்ணத் திரை மூடுவதையும் திறப்பதையும் ஆறு சோடிகளாக எழுதி வைத்தார்கள் எனலாம். இன்றைய பேச்சுச் சிகிச்சையாளர் தம் பயிற்சி அட்டையிலே வரைந்துகொள்ளும் அட்டவணையும் ஏறக்குறைய இதுவே.

அத்திரை பிளந்திருந்தால் அல்லது எட்டாவிட்டால் நிகழ்வது யாது? வல்லினம் முழுவதும் மெல்லினமாகக் கரைந்துவிடும். பணி மணியாகும், பாலை மாலையாகும், தாள் நாளாகும், தரி நரியாகும். அம்மா என்னும் சொல்லுக்கு அண்ணத் திரையின் உதவி வேண்டியதில்லை. ஆதலால் அச்சொல் அக்குழந்தைக்கும் எளிதாக வந்துவிடும். தந்தையை அழைக்கும்போதும் அதே ‘அம்மா’தான் வரும். நம் பிரதேசத்து உறவுமுறை இங்கே ஓர் இடரை உண்டாக்குகிறது. தந்தையின் தாயை அப்பம்மா என்றும் தாயின் தாயை அம்மம்மா என்றும் அழைப்பது யாழ்ப்பாணத்து வழக்கம். அண்ணம் திறந்த குழந்தைக்கு இவ்விருவரும் ஒருவரே. ‘என்னைக் கூப்பிடுகிறானில்லை’ என்று தந்தைவழிப் பேர்த்தி ஒருத்தி மனம் நோவாளாயின், அந்நோவின் காரணம் அன்பிலே இல்லை, ஓர் அங்குலத் தசையிலே இருக்கிறது என்பதை அவளுக்கு யார் சொல்வார்?

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய நாட்களைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். படங்கள் தாண்டிச் செல்லும் பகுதி அதுவாகும். அண்ணத்தைத் தைத்தல் என்பது பிளவின் இரு கரைகளையும் இழுத்துக் கட்டுவது மாத்திரமன்று. தவறான இடத்திலே ஒட்டிக்கிடக்கும் மெல்லண்ணத் தசைகளைக் கழற்றி, குறுக்காகத் திருப்பி, ஒன்றோடொன்று இணைத்தால்தான் திரை அசையும். தைத்த நூல் தானே கரைந்துவிடும். முதல் நாட்களிலே உமிழ்நீரோடு சிறிது இரத்தம் கசியும். இதுவரை மூக்கும் வாயும் ஒன்றாகக் கிடந்த குழந்தைக்கு மூச்சுவிடும் வழியே புதிதாகையால் இரவிலே குறட்டையும் அழுகையும் மிகும். விரல் வாய்க்குட் போகாதபடி முழங்கையை மடக்கவிடாமல் அட்டைப் பட்டை கட்டும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. கஞ்சியும் கரைத்த சோறும் ஆறிய பாலுமாக இரண்டு மூன்று கிழமை கழியவேண்டும். உறிஞ்சுகுழல் ஆகாது, கரண்டி முனை மேலே படலாகாது. நம் வீடுகளிலே காலையும் மாலையும் அவிக்கும் புட்டு இக்குழந்தைக்கு அந்நாட்களிற் பகை. அதன் மணிகள் தையலிடையே சென்று தங்கும். ஊட்டி முடிந்ததும் சிறிது தண்ணீர் கொடுத்து வாயைச் சுத்தமாக்கவேண்டும். இவை யாவும் ஒரு தாயின் உறக்கத்தையும், பெரும்பாலும் அவளுடைய நாட்கூலியையும் விழுங்குபவை. ஆயினும் இப்பகுதிக்கு ஓர் எல்லை உண்டு. புண் ஆறும். ஒருநாள் பால் குடித்த குழந்தையின் மூக்கிலே பால் வராது. அந்த நாளைக் கண்ட தாய்மார் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணுவது இயல்பே.

முடிந்தது புண்; பேச்சு அப்பொழுதுதான் தொடங்குகிறது. காற்றை வாயிலே நிறுத்த இயலாத காலத்திலே குழந்தை சும்மா இருப்பதில்லை. அது அறிவுள்ள உயிர். வாயிலே செய்ய முடியாத தடையைத் தொண்டைக் குழியிலே செய்து, க், ட், ப் எல்லாவற்றுக்கும் ஒரே அடைப்பொலியைப் பயன்படுத்தப் பழகிவிடும். அண்ணம் தைக்கப்பட்ட பின்னரும் இப்பழக்கம் தானே போகாது. வாய் சீராகிவிட்டது என்பதை நாவுக்கு ஒருவர் கற்பிக்க வேண்டும். அதற்குமேல், செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாயைத் திறக்கும் தசையும் அண்ணத்தையே சார்ந்திருப்பதால், இக்குழந்தைகளிற் பெரும்பாலோர்க்கு நடுச்செவியிலே நீர் தங்கிக் கேள்வி மந்தமாகும். கேளாத ஒலியை எவ்வாறு சொல்வது? செவியைப் பரிசோதியாமற் பேச்சைத் திருத்த முனைவது ஓட்டைப் பட்டையால் தண்ணீர் இறைப்பதாகும். சிலருக்குத் திரை குட்டையாக அமைந்து, பேச்சுக்காகவே இரண்டாவது சத்திரசிகிச்சையும் தேவைப்படும். ‘பலூன் ஊதட்டும், புல்லாங்குழல் ஊதட்டும், சரியாகிவிடும்’ என்று அறிவுரை கூறுவோர் நம்மிடையே பலர். ஊதும் தொழில் வேறு, பேசும் தொழில் வேறு. ஊதிப் பழகியதனாற் பேச்சுத் திருந்துவதில்லை என்பது இத்துறையினரின் இன்றைய முடிபு. மூக்கின் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்து, ‘பாப்பா’ என்னும்போது அது ஆவி படியாது தெளிவாக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, சொல்லைச் சொல்லியே பழக்கவேண்டும். அதுவும் இரட்டித்த வல்லினம் வரும் அப்பா, அக்கா, பத்து, பாட்டு, காற்று முதலியன கடினமான படிகளாகும்.

‘காற்று’ என்றோம். இச்சொல்லிலே வரும் றகரத்தை யாழ்ப்பாணத்தார் நுனிநாவை மேலே ஒற்றி வல்லெழுத்தாகவே ஒலிக்கிறோம். தொல்காப்பியர் றகர னகரங்களை ஒரே இடத்திற் பிறப்பனவாகக் கூறியதை நம் ஊர்ப் பேச்சு இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘ரொறன்ரோ’ என்று நாம் எழுதுவதைக் கண்டு தமிழகத்து நண்பர்கள் சிரிப்பதுண்டு. அவ்வெழுத்து முறைக்குப் பின்னால் இவ்வொலியே நிற்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்துக் குழந்தை அண்ணத்தின் துணையோடு பெறவேண்டிய ஒலிகள், சென்னைக் குழந்தை பெறவேண்டியவற்றோடு முற்றும் ஒத்தவையல்ல. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட பயிற்சித் தாளை மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டாற் போதும் என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். தையல் எம்மொழியிலும் தைக்கலாம். பேச்சை அக்குழந்தையின் மொழியிலேதான் மீட்கவேண்டும்.

காலம் தவறினால் நேர்வதைப் பற்றிய தெளிவான சான்றை உலகத்துக்கு அளித்தது நமது தீவே என்பது பலர் அறியாத செய்தி. 1980களின் நடுப்பகுதியிலிருந்து காலியிலே, இலண்டன் கிறேற் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையைச் சேர்ந்த மைக்கேல் மாஸ் என்பவரின் தலைமையில் ஒரு குழு பணிபுரிந்தது. சிகிச்சையே கிட்டாது வளர்ந்துவிட்ட இளைஞரையும் முதியோரையும் அங்கே அவர்கள் கண்டனர். செல்வ நாடுகளிலே அத்தகையோரைக் காண்டல் அரிது. ஆகவே நமது வறுமை அவர்களுடைய ஆராய்ச்சிக்குக் களமாயிற்று. இதைக் கசப்போடு சொல்லவில்லை. பலருக்குச் சிகிச்சையும் கிடைத்தது. 1990 இல் வெளிவந்த கட்டுரைகளிலே, தைக்கப்படாத முகம் பெரும்பாலும் நன்றாகவே வளர்ந்திருந்தமையை மாஸும், பதின்பருவத்திலே அண்ணம் தைக்கப்பெற்றோரிற் பெரும்பாலோர்க்குப் பேச்சுத் திருந்தாமையைப் பேச்சுச் சிகிச்சையாளரான டெபி செல்லும் அவருடைய துணையாசிரியரும் காட்டினர். முகம் காத்திருக்கும்; சொல் காத்திராது என்பதே இதன் பொருள். அண்மையிலே, 2023 இல், ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 558 குழந்தைகளை வைத்துச் செய்த பரிசோதனையின் முடிபு வெளிவந்தது. ஆறு மாதத்திலே தைக்கப்பெற்றோரில் 8.9 வீதத்தினருக்கும், பன்னிரண்டு மாதத்திலே தைக்கப்பெற்றோரில் 15 வீதத்தினருக்கும் ஐந்து வயதில் அண்ணத் திரை போதியவாறு மூடவில்லை. ஆறு மாதத் தாமதமே வேறுபாடு செய்கிறது.

இதனை அறிந்தபின் 2006 முதல் 2009 வரையுள்ள காலத்தை எண்ணிப் பார்ப்பது துன்பம் தருவதாகும். பாதை மூடப்பட்ட ஊரிலே பிறந்த குழந்தைக்கும் ஆறாவது மாதம் வரும், பன்னிரண்டாவது மாதம் வரும். கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதி பெற்று வரிசையிலே நிற்கும் தந்தையின் நாட்காட்டி வேறு, குழந்தையின் நாவின் நாட்காட்டி வேறு. போர் இழப்புகளைக் கணக்கிட்டோர் இறந்தோரையும் காணாமற்போனோரையும் கை கால் இழந்தோரையும் எண்ணினர். காலத்திலே பெறவேண்டிய சொல்லைப் பெறாதவர்களை எண்ணுவதற்கு எந்தப் பத்திரத்திலும் நிரல் இருக்கவில்லை.

இனி இலக்கியத்துக்கு வருவோம். மழலையைப் போற்றுவதிலே தமிழுக்கு நிகரான மொழிகள் சிலவே. வள்ளுவர் குழலையும் யாழையும் அதன் கீழே வைத்தார். பிள்ளைத்தமிழ் என்று ஒரு பிரபந்தமே உண்டாயிற்று. ஆனால் இந்தப் போற்றுதலுக்கு வயதெல்லை ஒன்று உண்டு என்பதை எந்தக் கவிஞரும் சொல்லவில்லை. இரண்டு வயதிலே தெளிவில்லாத சொல்லை அள்ளிக் கொஞ்சிய அதே சுற்றம், ஆறு வயதிலும் அது தெளியாவிட்டால் ‘மூக்காலே கதைக்கிறான்’ என்று பழிக்கும். புறநானூற்றின் 28 ஆம் பாட்டிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்கு மக்கட் பிறப்பின் எண்வகைக் குறைகளை நிரல்படுத்துமிடத்து ஊமையையும் சேர்த்து, அப்பிறப்புகளாற் பயனில்லை என்று தீர்த்துவிடுகிறார். பழம்பாடல் என்பதற்காக இக்கருத்தையும் வணங்கிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. நம் காலத்துத் தமிழ்ச் சினிமா இவ்விடயத்திலே சாத்தனாரைவிட முன்னேறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. திக்கிப் பேசுவோரும் மூக்கொலியிற் பேசுவோரும் நகைச்சுவைக் காட்சிக்கான கூலியாட்களாகவே அங்கு வருகின்றனர்.

முற்போக்கு அணியினராகிய நம்மையும் இவ்விமர்சனத்திலிருந்து விலக்கிவிடலாகாது. 1960களின் முற்பகுதியிலே யாழ்ப்பாணத்துப் பண்டிதர் சிலர், ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சைச் சிறுகதையிலே எழுதியதை ‘இழிசனர் வழக்கு’ என்று கண்டித்தபோது, ஈழத்து எழுத்தாளர்கள் அதை எதிர்த்து நின்று வென்றனர். யாருடைய வாய்மொழிக்கு இலக்கியத்திலே இடமுண்டு என்பதே அப்போராட்டத்தின் உயிர்நாடி. சாதியின் பெயராலும் வர்க்கத்தின் பெயராலும் மறுக்கப்பட்ட வாய்களுக்கு இடம் கிடைத்தது. உடலின் பெயரால் மறுக்கப்பட்ட வாய்க்கு இன்னும் கிடைக்கவில்லை. அத்தகைய ஒரு சிறுவன், கேலிப் பொருளாகவோ இரக்கப் பொருளாகவோ அன்றி, தன் கருத்தைத் தானே சொல்லும் பாத்திரமாக வரும் ஈழத்துக் கதையொன்றை நாம் இதுவரை வாசிக்கவில்லை.

மூடநம்பிக்கையைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. ஆனால் தாயின்மேற் பழி சுமத்தும் வேலையை அது இன்னும் செய்துகொண்டிருப்பதால் முற்றாக விடவும் முடியவில்லை. கிரகண வேளையிலே கர்ப்பிணி வெளியே போனதால், அல்லது கத்தி எடுத்து எதையோ அரிந்ததால், பிள்ளையின் வாய் பிளந்தது என்பர். 2010 ஜனவரி 15 ஆந் திகதியும் 2019 டிசெம்பர் 26 ஆந் திகதியும் கங்கண சூரிய கிரகணத்தின் நிழற்பாதை நமது குடாநாட்டின் மேலேயே சென்றது. பத்தாண்டுக்குள் இருமுறை இவ்வாறு நிகழ்வது எந்த ஊருக்கும் அரிது. அவ்விரு நாட்களும் ஊரிலிருந்த கர்ப்பிணிகள் அத்தனை பேரின் பிள்ளைகளையும் நாம் பாடசாலையிற் காண்கிறோம். மேலும் உதடு கருவிலே ஏழாங் கிழமை அளவிலும் அண்ணம் பன்னிரண்டாங் கிழமை அளவிலும் பொருந்தி முடிந்துவிடும். ஏழாம் மாதத்திலே கண்ட கிரகணம் மூன்றாம் மாதத்திலே மூடிய அண்ணத்தை எப்படித் திறக்கும் என்று மாமியாரிடம் கேட்க மருமகளுக்குத் துணிவு வராது, ஆசிரியர் கேட்கலாம்.

யாழ்ப்பாணத்திலே வைத்தியமும் தமிழும் சேர்ந்து நடந்த ஒரு காலம் இருந்தது. 1847 இலே இங்கு வந்து மானிப்பாயிற் பணிபுரிந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், நோயாளியின் மொழியிலே வைத்தியம் கற்பிக்கப்பட வேண்டும் என்று கொண்டு, தமிழிலேயே மாணாக்கரைப் பயிற்றினார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’ முதலிய நூல்களைத் தமிழிலே தந்தார். சத்திரசிகிச்சை நூல் 1867 இலே தமிழில் அச்சேறிய ஊர் இது. அவருடைய மத நோக்கம் அவருடையது; அதை மறைக்கவேண்டியதுமில்லை, அதற்காக இப்பணியைத் தள்ளவேண்டியதுமில்லை. அங்காதிபாதத்தைத் தமிழிற் கற்பிக்க முடியும் என்று ஒரு வேற்றுநாட்டவர் காட்டி ஒன்றரை நூற்றாண்டு கடந்தபின்னும், அண்ணம் தைக்கப்பட்ட குழந்தைக்குத் தமிழிலே ஒலிப்பயிற்சி தரவல்லோரின் தொகை வடக்கின் தேவைக்கு மிகக் குறைவாகவே உள்ளது. பேச்சுச் சிகிச்சையாளரைப் பயிற்றும் பணியைக் களனிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் ராகமையிலே செய்து வருகிறது. அங்கே தமிழ் மாணாக்கர் மேலும் பலர் செல்லவேண்டும். தமிழ் ஒலியியலை அறிந்த நமது பல்கலைக்கழகத் தமிழ்த்துறையினரும் அவர்களுக்கு உதவியாகப் பயிற்சிச் சொற்றொகுதிகளை ஆக்கிக்கொடுக்க வேண்டும். பிறப்பியலுக்கு இன்னுமோர் உரைவிளக்கம் எழுதுவதிலும் இது பயனுள்ள தமிழ்த் தொண்டாகும்.

‘ஸ்மைல் பிங்கி’யின் கருத்துநிலையிலே நமக்குள்ள பெரிய கருத்து வேறுபாடும் இவ்விடத்திலே பிறக்கிறது. அதன் உலகத்திலே கொடையாளர் இருக்கிறார், வைத்தியர் இருக்கிறார், நன்றியுள்ள குழந்தை இருக்கிறது, அரசு இல்லை. ஒருமுறை செய்யும் சத்திரசிகிச்சையைக் கொடையால் நடத்திவிடலாம். கிழமைதோறும் இரண்டு மூன்று ஆண்டு நடக்கவேண்டிய பயிற்சியைக் கொடையால் நடத்த இயலாது. நெடுந்தீவிலிருந்து ஒரு தாய் படகேறிக் குறிகட்டுவானிலே இறங்கி, அங்கிருந்து பஸ்ஸேறி யாழ்ப்பாணம் வந்து, அரை மணி நேரப் பயிற்சி முடித்துத் திரும்புவதற்கு ஒரு பகல் போதாது. சிகிச்சை இலவசம், அவளுடைய பகல் இலவசமன்று. 1945 இலே இலவசக் கல்வியை வென்றெடுத்த நாட்டிலே இது உரிமையாகக் கேட்கப்பட வேண்டிய விடயம். பேச்சுப் பயிற்சியை வைத்தியம் என்பதா, கல்வி என்பதா என்ற ஐயத்திலே அது இரு திணைக்களங்களுக்கும் நடுவிலே விழுந்து கிடக்கிறது. பாடசாலைக்கே சிகிச்சையாளர் வருவாராயின் அந்தத் தாயின் படகுப் பயணம் குறையும். அதுவரை வகுப்பாசிரியர் செய்யக்கூடியனவும் உண்டு. இத்தகைய பிள்ளையை முன்வரிசையிலே இருத்துதல். ‘திரும்பச் சொல்’ என்று வகுப்பு முன்னிலையில் வருத்தாது, விளங்கிய பகுதியைத் தாம் சொல்லிக்காட்டி எஞ்சியதைக் கேட்டல். வாசிப்புப் பரீட்சையிலே ஒலித்திறனுக்காகப் புள்ளியை வெட்டாமை. விஜயதசமி நாளிலே ஏடு தொடக்கும்போது குரு சொல்ல அரிசியில் எழுதும் பிள்ளை, எழுத்தைச் சொல்லும் விதத்தைக் கூடியிருப்போர் காதுகொடுத்துக் கேட்கும் முதற் சபையும் அதுவே. அச்சபையிலே சிரிப்பு எழுந்தால் அப்பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். பிறகு எந்த வைத்தியருக்கும் அதைத் திறப்பது எளிதன்று.

பிங்கி பின்னர் 2013 ஜூலை மாதம் விம்பிள்டன் ஆடவர் இறுதி ஆட்டத்திலே நாணயம் சுண்டிவிட அழைக்கப்பட்டாள். உலகம் மறுபடியும் அவளுடைய முகத்தைப் பார்த்தது. இதனோடு ஒப்பிட வேறொரு வரலாற்றைக் கூறலாம். 1819 இலே பாரிஸ் நகரத்தில் பிலிபேர் றூ என்னும் சத்திரவைத்தியர், ஜோன் ஸ்ரீவன்சன் என்ற மொன்றியல் நகரத்து மருத்துவ மாணவனின் மெல்லண்ணப் பிளவை மயக்கமருந்து இல்லாத அக்காலத்திலே தைத்து மூடினார். மறு ஆண்டு எடின்பரோவிலே பட்டத்துக்காக ஸ்ரீவன்சன் எழுதிய இலத்தீன் ஆய்வேடு தன் சொந்த அண்ணத்தைப் பற்றியது. அண்ணச் சத்திரசிகிச்சையின் வரலாற்றிலே முதன்மையான ஆவணங்களுள் ஒன்றை எழுதியவன் நோயாளியே. ஊர் திரும்பிய அவர் 1823 இலே நண்பர்களோடு ஒரு மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பின்னர் அது மக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாயிற்று. உடற்கூற்றியலும் சத்திரவைத்தியமும் அவர் போதித்த பாடங்கள். மாணாக்கர் முன்னிலையிலே நின்று வாய்விட்டு விரிவுரை செய்வதே அவருக்குத் தொழிலாயிற்று.